பனி பெய்யாத ஊரில் கேரல் படப்புத்தகம்

நவம்பர் பாதி தாண்டியதும் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் குழந்தைகள் அலமாரியின் நிறமே மாறிவிடும். சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக கிறிஸ்துமஸ் புத்தகங்கள் முன்வரிசைக்கு வரும். அவற்றில் ஒரு வகைப் புத்தகத்தில் எழுத்தாளர் புதிதாக எழுதிய கதை எதுவும் இருக்காது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு கேரலை, அதாவது கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்து, பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று பிரித்துப் போட்டு, மிச்ச இடம் முழுக்கப் படம் வரைந்திருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் சில நேரம் இசைக்குறிப்பும் இருக்கும். காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், ஆஸ்டின் டவுன், விவேக்நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக இது அடிக்கடி போய்ச் சேரும். விலை அதிகமில்லை, குழந்தைக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும், வாங்குகிறவருக்கும் யோசிக்க வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியதில்லை என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேரல் படப்புத்தகத்தில் கதையைச் சொல்வது பாட்டு அல்ல, படம். பாட்டு சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் ஓவியர்தான் முடிவு செய்கிறார்: பிள்ளை பிறந்த இடம் எப்படி இருந்தது, தாய் என்ன உடுத்தியிருந்தாள், மேய்ப்பர்கள் எந்த நிறம், வெளியே மழையா பனியா. நாலு வயதில் பார்த்த அந்தப் படம்தான் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் பெத்லகேமாக இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் அந்தப் பெத்லகேம் எங்கே வரையப்பட்டது, ஏன் அப்படி வரையப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் புத்தகத்தின் கணக்கைப் பார்ப்போம். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது எட்டின் மடங்காகவே பக்கங்கள் கிடைக்கும் என்பதால் வந்த அளவு இது. தலைப்பு, பதிப்பு விவரம் போன்றவற்றைக் கழித்தால் ஏறக்குறைய 14 இரட்டைப் பக்கங்கள் மிஞ்சும். இப்போது ‘சைலண்ட் நைட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சபைகளில் ‘ஒப்பில்லா திரு இரா’ என்று பாடுகிறோமே, அதே பாட்டு. ஆங்கிலத்தில் வழக்கமாகப் பாடுவது மூன்று சரணம், சரணத்துக்கு ஆறு வரி, திரும்ப வருவதையும் சேர்த்து மொத்தம் 18 வரி. ஆக, இரட்டைப் பக்கத்துக்கு ஒரு வரிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வரும். ‘இரவு அமைதியாக இருக்கிறது’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஓவியர் ஒரு முழுக் காட்சி வரைய வேண்டும், அடுத்த வரிக்கு இன்னொன்று. பாட்டில் நிகழ்ச்சிகள் மிகக் குறைவு. அதனால் அவர் ஒரு கதையை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒரு மேய்ப்பச் சிறுவனையோ, ஆட்டுக்குட்டியையோ, நட்சத்திரத்தையோ பக்கத்துக்குப் பக்கம் பின்தொடர வைக்கிறார். குழந்தை உண்மையில் படிப்பது அந்தக் கதையைத்தான். பாட்டு அதன் மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் புத்தகத்தை யாரும் வாசிப்பதில்லை, பாடுகிறார்கள். பாடுகிறவர் மூச்சு விடும் இடத்தில்தான் பக்கம் திரும்ப வேண்டும். வரியின் நடுவில் பக்கத்தை முடித்துவிட்டால், அம்மா ஒரு கையால் பக்கத்தைத் தேடிக்கொண்டே ராகத்தை இழுக்க வேண்டியதாகிவிடும். நல்ல கேரல் புத்தகத்துக்கு என் முதல் சோதனை இதுதான்: கடையிலேயே வாய்க்குள் பாடிப் பார்த்தால் பக்கமும் பாட்டும் சேர்ந்து போகிறதா? போகவில்லையென்றால் அதைச் செய்தவர்கள் பாட்டை வெறும் எழுத்தாகப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாட்டுக்குப் படம் போட்டு விற்பது பழைய தொழில். 18, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் டிசம்பர் வந்தால் தெருவில் கேரல் தாள் விற்பார்கள். ஒற்றைத் தாளில் சில பாட்டுகள், மேலே மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த சின்னச் சின்னப் படங்கள். ஒரே கட்டையைப் பல வருடம் பல பாட்டுகளுக்குப் பயன்படுத்துவார்கள், படம் பாட்டோடு பொருந்தவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சென்னையின் குஜிலிக் கடை பாட்டுப் புத்தகங்களை அறிந்தவர்களுக்கு இந்தத் தொழில் உடனே புரியும். மலிவான தாள், அவசர அச்சு, கூவி விற்பவர், கேட்டவுடன் மனப்பாடம் செய்யும் வாங்குபவர்.

குழந்தைகள் புத்தகமும் கேரலும் சேர்ந்ததற்கு ஓர் அழகான சாட்சி இருக்கிறது. ‘கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள்’ என்ற எண்ணிப் பாடும் பாட்டு, நமக்குத் தெரிந்தவரை முதலில் அச்சானதே ஒரு குழந்தைகள் புத்தகத்தில்தான், 1780 வாக்கில், லண்டனில். இன்று நாம் பாடும் மெட்டு பிறகு 1909-ல் பிரெடரிக் ஆஸ்டின் அமைத்தது. அந்தப் பாட்டு ஓவியர்களுக்கு ஒரு சவால். ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் பரிசுகள் எல்லாம் திரும்ப வரும். பன்னிரண்டாம் நாள் மட்டும் 78 பரிசு, எல்லா நாளையும் கூட்டினால் 364. அந்த 364-ல் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவை பறவைகள். இவற்றை ஒரே பக்கத்தில் எப்படி அடைப்பது? அமெரிக்க ஓவியர் ராபர்ட் சபுடா 1996-ல் காகிதத்தை வெட்டி எழுந்து நிற்கும் பாப்-அப் புத்தகமாகவே இதைச் செய்தார். இந்தப் பன்னிரண்டு நாள் டிசம்பர் 25-ல் தொடங்கி ஜனவரி 5-ல் முடிவது. நம் கடைகளிலோ 26ஆம் தேதியே கிறிஸ்துமஸ் அலமாரியைக் காலி செய்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையில் நடந்த கதையும் உண்டு. சிவப்பு மூக்கு மானின் பாட்டு இன்று எல்லா ஆங்கிலப் பள்ளிக் கிறிஸ்துமஸ் விழாவிலும் ஒலிக்கிறது. அது பாட்டாகப் பிறக்கவில்லை. 1939-ல் மாண்ட்கோமரி வார்ட் என்ற அமெரிக்கக் கடை தன் வாடிக்கையாளர் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்த படப்புத்தகம் அது. எழுதியவர் அந்தக் கடையின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த ராபர்ட் மே. முதல் வருடமே சுமார் 24 லட்சம் பிரதிகள் கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1949-ல், அவருடைய மைத்துனர் ஜானி மார்க்ஸ் அதைப் பாட்டாக்கினார்.

சரி, பனிக்கு வருவோம். விவிலியத்தில் இயேசு பிறப்புக் கதையில் பனி கிடையாது. மாதமும் சொல்லப்படவில்லை. லூக்கா சொல்வது மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான். பனியைக் கொண்டுவந்தது வட ஐரோப்பாவின் குளிர்காலமும், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அச்சுத் தொழிலும். கிறிஸ்டினா ரோசெட்டி என்ற ஆங்கிலக் கவிஞரின் கிறிஸ்துமஸ் கவிதை 1872-ல் ஒரு பத்திரிகையில் வந்தது. பனி மேல் பனி விழும், தண்ணீர் கல்லாக உறையும் ஒரு நாட்டில் கிறிஸ்து பிறப்பதாக அவர் எழுதினார். தான் வாழ்ந்த குளிரில் தன் தெய்வம் பிறப்பதாக நினைத்துப் பார்ப்பது பக்தியின் இயல்பு, அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே சமயத்தில் எட்மண்ட் எவன்ஸ் போன்ற அச்சாளர்கள் மரக்கட்டைகளில் பல நிற அச்சைத் தேர்ச்சியாகச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். பதிப்பாளர்கள் படம் நிறைந்த புத்தகங்களைக் கிறிஸ்துமஸ் பரிசு விற்பனையைக் குறிவைத்தே வெளியிட்டார்கள். 1871-ல் பிராம்லியும் ஸ்டெய்னரும் தொகுத்த கேரல் நூலுக்கு டால்சியல் சகோதரர்கள் செதுக்கிய படங்களுடன் ஒரு பதிப்பு வந்தது. இங்கிலாந்தின் டிசம்பர், இங்கிலாந்தின் அச்சகம், இங்கிலாந்தின் ஏற்றுமதி. பெத்லகேம் வெள்ளையானது இப்படித்தான்.

பனி நியாயமாக வரும் பாட்டுகளும் உண்டு. ‘குட் கிங் வென்செஸ்லாஸ்’ பத்தாம் நூற்றாண்டு பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) கோமகன் ஒருவரைப் பற்றியது. டிசம்பர் 26, ஸ்தேவான் திருநாளன்று, பனியில் விறகு பொறுக்கும் ஏழைக்கு உணவு எடுத்துப்போகும் கதை. 1853-ல் ஜான் மேசன் நீல் வரிகளை எழுதினார். மெட்டோ 1582-ல் அச்சான ஒரு பழைய வசந்தகாலப் பாட்டினுடையது. இந்தப் பாட்டுக்குப் பனி வரையாமல் இருக்க முடியாது, கதையே அந்தப் பனியில் பதியும் காலடித் தடத்தில்தான் இருக்கிறது. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பாண்ட் வெளியிட்ட சறுக்குவண்டிப் பாட்டு, அதில் கிறிஸ்துமஸ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்கும் பனி பொருந்தும். பெத்லகேமைப் பற்றிய பாட்டுக்கும் அதே பனியைப் பழக்கதோஷத்தில் போடும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெத்லகேம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 775 மீட்டர் உயரத்தில், யூதேயா மலைத்தொடரில் இருக்கிறது. பெங்களூரு சுமார் 920 மீட்டர். இரண்டுமே மேட்டு நில ஊர்கள். அங்கே டிசம்பர் என்றால் மழைக்காலம், ஈரக்குளிர். பனி எப்போதாவது விழும், அவ்வளவுதான். டிசம்பர் இரவில் கேரல் ரவுண்ட்ஸ் போய், ஸ்வெட்டரும் மஃப்ளருமாக அல்சூர் தெருக்களில் நின்று பாடிய பிள்ளைக்கு பெத்லகேமின் குளிரை விளங்கிக்கொள்ள ஐரோப்பா வரை போகத் தேவையில்லை. கர்நாடகத்தின் குருபர் மேய்ப்பர்கள் கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டு மந்தையோடு போவதைப் பார்த்த கண்ணுக்கு லூக்காவின் மேய்ப்பர்களும் அந்நியர் அல்ல.

பனி மட்டுமல்ல, கிறிஸ்துமஸ் குடிலில் நாம் வைக்கும் பல பொருட்களும் ஓவியர்களும் பக்தர்களும் சேர்த்தவை. மாடும் கழுதையும் பிறப்புக் கதையில் எங்கும் வருவதில்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் முதல் அதிகாரத்தில் மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் தொட்டியை அறியும் என்ற வரியிலிருந்து அவை ஓவியத்துக்குள் வந்தன. 1223-ல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்த பிறகு அவை அசைக்க முடியாதவை ஆகிவிட்டன. பிள்ளையைக் காண வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றானார்கள். கீழைத் திருச்சபையின் ஓவியங்களில் பிள்ளை பிறப்பது குகையில். பெத்லகேமின் பிறப்புப் பேராலயமும் நான்காம் நூற்றாண்டிலிருந்து ஒரு குகை மேல்தான் நிற்கிறது. மேற்கே போனபோது குகை மரக்கொட்டகை ஆனது. பிள்ளையின் உடலிலிருந்தே ஒளி வீசுவது போல வரையும் வழக்கம், 14ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனின் புனித பிரிஜித் தான் கண்ட காட்சியை எழுதி வைத்த பிறகு பரவியது. ‘மூன்று கப்பல்கள் வந்ததைக் கண்டேன்’ என்று ஒரு பழைய ஆங்கிலக் கேரல் இருக்கிறது. பெத்லகேமில் கடலே இல்லை. ஆனால் அந்தப் பாட்டின் படப்புத்தகங்களில் கப்பல்கள் பாய்விரித்துக் கம்பீரமாக வருகின்றன. எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கும். ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு நாடும் தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சேர்த்திருக்கிறது என்றால், நாமும் சேர்க்கலாம் என்றுதான் அது எனக்குச் சொல்கிறது.

உண்மையில் இந்தியா சேர்க்காமல் இருந்ததில்லை. 1580-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் அக்பரின் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்தபோது செதுக்குப் படங்கள் கொண்ட பெரிய விவிலியத்தைக் கொண்டுவந்தார்கள். முகலாய ஓவியர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் நிறத்திலும் நுணுக்கத்திலும் மரியாளையும் பிள்ளையையும் வரைந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் கோவாவில் பிறந்த ஆஞ்சலோ டா ஃபொன்சேகா மரியாளுக்குச் சேலை உடுத்தி வரைந்தார். சொந்த ஊரில் எதிர்ப்பு வந்து, புனேயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி வாழ்நாள் முழுவதும் அதையே வரைந்தார். கிறிஸ்தவர் அல்லாத ஜாமினி ராய் வங்காளக் கிராம ஓவியத்தின் தடித்த கோடுகளில் கிறிஸ்துவை வரைந்தார். பெங்களூருக்கே வந்தால், 1967-ல் தமிழரான அருட்தந்தை அமலோர்பவதாஸ் இங்கே தொடங்கிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இந்தியக் கலையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்த முக்கியமான இடம். அதன் கலைப் பணியில் பங்கெடுத்த ஜோதி சாஹி நகருக்கு வெளியே சில்வேபுராவில் கலை ஆசிரமம் அமைத்தவர். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் வழி வந்த கோடும் நாட்டுப்புற உருவங்களும் தெரிந்த ஓவியர்கள் நம் நகரத்திலேயே விவிலியத்தை வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் கோயில் சுவரிலும் கலைப் புத்தகத்திலும் நின்றுவிட்டன, குழந்தையின் மடிக்கு இறங்கி வரவில்லை.

இந்த இடைவெளி சிவாஜிநகரில் கண்ணுக்கு நேராகவே தெரியும். அங்குள்ள புனித மரியன்னை பேராலயம் 1882-ல் அபிஷேகமாகி, 1973-ல் பசிலிக்கா ஆனது. தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை. செப்டம்பர் திருவிழாவில் ஆரோக்கிய மாதா சேலை உடுத்தித்தான் பவனி வருகிறாள். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பார்க்கும் குழந்தைக்கு மாதா நம் வீட்டு அம்மா. மூன்று மாதம் கழித்து அதே குழந்தைக்குக் கிடைக்கும் புத்தகத்தில் பொன்னிறக் கூந்தலும் நீல அங்கியுமாக ஒரு பெண், ஜன்னலுக்கு வெளியே பைன் மரம், அதன் மேல் பனி. குழந்தை இரண்டையும் ஏற்றுக்கொள்ளும், குழந்தைகள் அப்படித்தான். ஆனால் எது புத்தகத்தில் அச்சாகும் தகுதி உள்ளது என்ற பாடத்தையும் அது சேர்த்தே கற்றுக்கொள்கிறது. என் கவலை அந்தப் பாடத்தைப் பற்றியது.

தமிழில் பாட்டுக்குப் பஞ்சமா? சபைகளில் இரண்டு ஓடைகள் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்று பாமாலை: மேல்நாட்டுப் பாட்டை மொழிபெயர்த்து அதே மெட்டில் பாடுவது. ‘ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்’ 1700-ல் நேகம் டேட் எழுதிய ஆங்கிலப் பாட்டின் தமிழ். ‘கேள் ஜென்மித்த ராயர்க்கே’ 1739-ல் சார்லஸ் வெஸ்லி எழுதியதன் தமிழ். இன்னொன்று கீர்த்தனை: நம் ராகத்தில், தாளத்தில், தமிழிலேயே பிறந்தவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800-ல் பெத்லகேமைப் பாட்டுடைப் பொருளாக்கிக் குறவஞ்சியே பாடிவிட்டார். கிறிஸ்து பிறப்பை நம் மண்ணின் இலக்கிய வடிவத்துக்குள் கொண்டுவந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. படத்துக்கு மட்டும் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறோம்.

கீர்த்தனையின் அமைப்பே படப்புத்தகத்துக்கு வாய்ப்பானது. பல்லவி ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வரும். அதே பல்லவிப் பக்கம் திரும்ப வரும்போது, அதே தெரு, அதே சத்திரம், ஆனால் கூட்டம் கொஞ்சம் கூடியிருக்கிறது, இருட்டு கொஞ்சம் மாறியிருக்கிறது என்று வரையலாம். குழந்தை என்ன மாறியது என்று தேடும். ‘பெத்தலேகம் ஊரோரம் சத்திரத்தை நாடி’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியே ‘ஓடி வா’ என்ற அழைப்பு. பக்கத்தைத் திருப்பச் சொல்ல இதைவிட நல்ல வரி கிடைக்குமா? பாட்டுப் புத்தகங்களில் வழக்கமாகக் காணும் ஆறு சரணத்தில் இடம் ஈரமாக இருக்கிறது, இருட்டாக இருக்கிறது, ராஜாவுக்கு வீடாகக் கிடைத்தது மாட்டகம், மெத்தையாகக் கிடைத்தது வாடின புல், துணியாகக் கிடைத்தது பழங்கந்தை. பிறகு தூதர் சேனை பாடுகிறது, ஆயர்கள் பாட்டைத் தேடி ஓடுகிறார்கள், கடைசியில் அரசர் மூவர் காணிக்கையோடு வருகிறார்கள். பல்லவியையும் சேர்த்தால் ஏழு பகுதி, பகுதிக்கு இரண்டு இரட்டைப் பக்கம், ஆக 14. நான் முன்பு சொன்ன 32 பக்கக் கணக்கில் அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த ஈரம் என்ற ஒரு விவரத்தைப் பாருங்கள். எழுதியவர் பனியை எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் மாட்டுக்கொட்டகையை அவருக்குத் தெரியும். ஆனால் இதை வரையும் ஓவியர், பழங்கந்தையை வறுமையின் அலங்காரமாக்காமல் ஒரு தாய் தன்னிடம் இருந்ததைக் கொண்டு பிள்ளையைப் போர்த்தியதாக வரைய வேண்டும்.

பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு தேவையும் இருக்கிறது. 1809-ல் இங்கே கண்டோன்மெண்ட் அமைந்தபோது படையோடும் படைக்குத் தேவையான வேலைகளோடும் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். பிறகு பல அலைகள். கோலார் தங்கவயல் 2001-ல் மூடியபோது அங்கிருந்தும் வந்தார்கள். இன்றைய பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், தெருவில் கன்னடம், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். தமிழ் எழுத்து பலருக்கும் ஞாயிறு பள்ளியிலும் பாட்டுப் புத்தகத்திலும் கிடைத்தால்தான் உண்டு. எழுத்துத் தெரியாத பிள்ளையிடம் புதிய தமிழ்க் கதையைக் கொடுத்தால் அது திணறும். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை எழுத்தில் கொடுத்தால், அது பாடிக்கொண்டே விரலை நகர்த்தும், எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று தானே கண்டுபிடிக்கும். வரியும் ஒலியும் முன்பே உள்ளே இருப்பதால் கண்ணுக்கு எழுத்தைப் பிடிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். பழைய தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் படம் சொல்லிவிடும். இந்த வேலைக்குக் கேரல் படப்புத்தகத்தைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் கடை அலமாரியில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

ஆங்கிலப் புத்தகமே வாங்கினாலும் சிலவற்றைக் கவனிக்கலாம். எந்தச் சரணங்களை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘சைலண்ட் நைட்’ வரிகளை ஜோசப் மோர் என்ற இளம் பாதிரியார் 1816-ல் ஆஸ்திரியாவின் மரியாஃபார் ஊரில் எழுதினார். நெப்போலியன் போர்கள் முடிந்து நாடு சீரழிந்து கிடந்த நேரம். முந்தைய வருடம் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போய், பயிர் விளையாத வருடம் அது. 1818 டிசம்பர் 24 இரவு ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில், பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் சேவியர் குரூபரின் மெட்டில், கிடார் துணையோடு அது முதலில் பாடப்பட்டது. மூலத்தில் ஆறு சரணம். இயேசு உலகத்து மக்களினங்கள் எல்லாவற்றையும் சகோதரனாக அணைத்துக்கொண்டதாகப் பாடும் நான்காவது சரணம், வழக்கமான மூன்று சரணப் பதிப்புகளில் இல்லை. பசியும் போரும் கண்ட ஒருவர் எழுதிய அந்த வரி இருந்தால் ஓவியருக்கும் உலகத்து மனிதர்கள் எல்லாரையும் வரைய வேண்டிய கடமை வந்திருக்கும். அது போனதால், தூங்கும் குழந்தையும் நட்சத்திரமும் மட்டும் மிஞ்சுகின்றன. ஆறு சரணமும் உள்ள புத்தகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அப்புறம், பொத்தானை அமுக்கினால் பாடும் கெட்டி அட்டைப் புத்தகங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இவைதான் அதிகம் விற்கின்றன. அவற்றுக்குள் இருப்பது பொத்தான் வடிவ பேட்டரி. குழந்தை அதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான தீப்புண் போன்ற காயத்தை உண்டாக்கலாம், குறிப்பாக லித்தியம் நாணய பேட்டரி. பின்பக்க மூடி திருகு போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். திருகு இல்லாமல் நகத்தால் திறக்க முடிந்தால் வாங்காதீர்கள். பேட்டரி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட, அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாட்டு விஷயத்திலும் எனக்கு இவை திருப்தியில்லை. இயந்திரம் தன் வேகத்தில் பாடிவிடுகிறது, குழந்தை படத்தைப் பார்த்து நிற்க நேரமில்லை, பெரியவர் பாட வேண்டிய இடமும் போய்விடுகிறது.

தமிழில் இப்படி ஒன்றைச் செய்ய என்ன தடை? உரிமைச் சட்டம் தடையில்லை. இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த பிறகு 60 வருடம். வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகள் எப்போதோ பொதுவுடைமை. வெஸ்லி, மோர், ரோசெட்டி வரிகளும் அப்படியே. கவனிக்க வேண்டியது மொழிபெயர்ப்பை: மூலம் பழையதாக இருந்தாலும் தமிழாக்கியவர் அண்மைக் காலத்தவராக இருந்தால் அவருடைய உரிமை தனி. புதிய மெட்டமைப்புக்கும் படத்துக்கும் அதே விதி. ‘லிட்டில் டிரம்மர் பாய்’ பழம்பாட்டு போலக் கேட்டாலும் அதை 1941-ல் எழுதிய கேத்தரின் டேவிஸ் 1980 வரை வாழ்ந்தவர், ஆகவே அதைக் கேட்காமல் தொட முடியாது. ஆளும் அனுபவமும்கூடத் தடையில்லை. சென்னையில் தாரா பதிப்பகம் 1994-லிருந்தும் தூலிகா பதிப்பகம் 1996-லிருந்தும் படப்புத்தகங்கள் செய்கின்றன. பெங்களூரிலேயே 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-ல் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையத் தளத்தைத் திறந்து, தமிழ் உட்படப் பல மொழிகளில் யாரும் படித்து, மொழிபெயர்த்து, அச்சிட்டுக்கொள்ளும் திறந்த உரிமத்தில் படப்புத்தகங்களைக் கொடுக்கிறது.

சின்ன அளவில் தொடங்கவும் வழி இருக்கிறது. ஒரு சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே ஆளுக்கு ஒரு சரணத்தை வரையலாம். ஏ4 தாளை எட்டாக மடித்து அடித்தால் ஒரு பாட்டுக்குப் போதும், வண்ண நகல் எடுக்கும் கடை சிவாஜிநகரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. முறையான அச்சு வேண்டுமானால் 16 பக்கம், நடுவில் பின் அடித்த புத்தகம் போதும், சிவகாசியில் ஆஃப்செட்டில் செய்யலாம். ஆனால் நவம்பரில் யோசித்தால் டிசம்பருக்கு வராது. தீபாவளியும் புத்தாண்டு நாட்காட்டியும் அச்சகங்களை முழுதாகப் பிடித்துக்கொள்ளும் காலம் அது. படங்கள் ஆகஸ்டிலேயே தயாராக வேண்டும்.